இழுத்து நிக்குதா, திடுக்குனு நிக்குதா?

போடிநாயக்கனூரில் விடிந்தும் விடியாமலும் ஜீப்புகள் கிளம்பிவிடும். ஏலத்தோட்ட வேலைக்கு ஆட்களை ஏற்றிக்கொண்டு முந்தல் வழியாகப் போடிமெட்டு ஏறி, பூப்பாறை, சாந்தன்பாறை, ராஜாக்காடு என்று பிரிந்து போகும். ஜீப்புகள் போன பிறகு சாலையில் மிஞ்சுவது டிவிஎஸ் வண்டிகள். உரமூட்டை, பால் கேன், மருந்தடிக்கும் மோட்டார், காய்ச் சாக்கு எல்லாம் அதில்தான் போகும். இந்த வண்டிகளைப் பழுது பார்ப்பவர்களைப் பற்றி எழுத வேண்டும் என்று வெகுநாளாக நினைத்திருந்தேன். போன மழைக்காலத்தில் ஒரு மெக்கானிக்கின் பட்டறையில் இரண்டு நாள் உட்கார்ந்திருந்தேன்.

தகரக் கூரை, ஒரு பலகை, சுவரில் வரிசையாக ஸ்பேனர்கள். அறுபதை ஒட்டிய வயது அவருக்கு. முதல் நாள் காலையில் தோட்டத்துக் காவல்காரர் ஒருவர் பழைய ரெண்டு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார்.

"ஊருக்குள்ள நல்லாத்தேன் ஓடுதுண்ணே. முந்தலத் தாண்டி ரெண்டு மூணு வளைவு ஏறுனா நின்டுருது. பிளக்க மாத்திட்டேன், காயில மாத்திட்டேன், புது கார்ப்ரேட்டரும் போட்டாச்சு. 1,800 ரூவா போச்சு."

வேறொரு கடையில் மாற்றியிருக்கிறார். மெக்கானிக் அண்ணன் வண்டியைத் தொடவே இல்லை.

"நிக்கும்போது எப்படி நிக்குது? இழுத்து இழுத்து நிக்குதா, திடுக்குனு நிக்குதா?"

காவல்காரர் கொஞ்சம் யோசித்தார். "இழுத்துக்கிட்டே வந்து நிக்குதுண்ணே."

"நின்னவொடனே உதைச்சா ஸ்டார்ட் ஆகுமா?"

"ஆகாது. ஒரு பீடியக் குடிச்சிட்டு உதைச்சா ஆகிரும்."

இந்த இரண்டு கேள்வியிலேயே பாதி வேலை முடிந்துவிட்டது என்று பிறகுதான் எனக்குப் புரிந்தது. சுவிட்சை அணைத்தது போலத் திடுக்கென்று நின்றால் பெரும்பாலும் கரண்ட் கோளாறு, அதாவது பிளக்கில் பொறி வராமல் போவது. மூச்சு வாங்குவது போல இழுத்து இழுத்து நின்றால் பெட்ரோல் கோளாறு. ஆனால் பீடி குடிக்கும் நேரம் ஆறப்போட்டால் ஸ்டார்ட் ஆகும் என்பது இரண்டுக்கும் பொதுவான அடையாளம். சூட்டில் கெடும் காயிலும் ஆறினால் வேலை செய்யும். தடைபட்ட பெட்ரோலும் காத்திருந்தால் சொட்டுச் சொட்டாய் வந்து சேரும். வண்டி நின்ற அந்த நிமிடத்திலேயே, ஆறுவதற்குள் பார்த்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

"பட்டறையில வச்சு உதைச்சா இது ஓடிக்கிட்டேதான் சார் இருக்கும். நோயாளி மேலதான் காமிப்பான். சாக்குக்குப் பதிலா நீங்க பின்னால உக்காருங்க, பாரம் வேணும்" என்றார். காவல்காரரைப் பட்டறையில் இருக்கச் சொல்லிவிட்டுக் கிளம்பினோம்.

போடி கடல்மட்டத்திலிருந்து சுமார் 350 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. போடிமெட்டு அதற்கு மேல் இன்னும் ஆயிரம் மீட்டர். இடையில் 17 கொண்டை ஊசி வளைவுகள். கொச்சியிலிருந்து தொண்டிக்குப் போகும் தேசிய நெடுஞ்சாலை 85 இந்த வழிதான். மூன்றாவது வளைவு திரும்பி ஏறும்போது வண்டி முனகத் தொடங்கியது. நாலைந்து முறை விட்டு விட்டு இழுத்தது, நின்றது.

அவர் கை பரபரவென்று வேலை செய்தது. முதலில் பிளக்கைக் கழற்றி, கேப்பில் மாட்டி, ஹெட்டில் ஒட்டிப் பிடித்து உதைத்தார். நீலமாகப் பொறி அடித்தது. கரண்ட் இருக்கிறது. பெட்ரோலைத் திறப்பதற்கு முன்பே பொறியைப் பார்த்துவிட வேண்டும், இல்லையென்றால் வண்டியே எரிந்துபோகும் என்றார். பிறகு கார்ப்ரேட்டரின் அடியில் உள்ள திருகைத் தளர்த்தினார். ஓட வேண்டிய பெட்ரோல் இரண்டு சொட்டு விழுந்து நின்றது. டேங்க் பாதிக்கு மேல் இருக்கிறது. டேப் திறந்துதான் இருக்கிறது. அடுத்து டேங்க் மூடியைத் திருகினார். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே போகும் சத்தம் எனக்கே கேட்டது. அந்த நொடியே கீழே பெட்ரோல் கோடாக ஓடியது.

மூடியின் அடியில் நாலாக மடித்த பாலிதீன் காகிதம்.

பலசரக்குக் கடையில் எண்ணெய் டின்னைத் திறப்பதைப் பார்த்தவர்களுக்கு இது விளங்கும். ஒரு ஓட்டை மட்டும் போட்டால் எண்ணெய் ஒழுங்காக ஊற்றாது. எதிர்ப்பக்கம் இன்னொன்று போடுவார்கள், காற்று உள்ளே போக. டேங்க் மூடியில் அந்தக் காற்றுக்கென்று ஒரு சிறு துளை உண்டு. பாலிதீன் அதை அடைத்துவிட்டது. ஊருக்குள் எஞ்சின் கொஞ்சமாகக் குடிக்கிறது. திருகுமரை வழியாகக் கசியும் காற்றே போதும். ஏற்றத்தில் முழு த்ராட்டில் கொடுத்தால் பெட்ரோல் வேகமாக இறங்க வேண்டும், இறங்க விடாது. பீடி குடித்து முடிப்பதற்குள் காற்று மெல்லக் கசிந்து உள்ளே சேர்ந்துவிடும். 1,800 ரூபாய்க்கு மாற்றிய மூன்று சாமானிலும் ஒரு குறையும் இல்லை.

காவல்காரரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. மலையில் சாரலும் மூடுபனியும் மாதக்கணக்கில் விடாது. டேங்கில் தண்ணீர் இறங்கிவிடுமோ என்று பயந்து வைத்திருக்கிறார். அந்தப் பயம் சரியானது. இப்போது நாம் போடும் பெட்ரோலில் 20 சதவீதம் வரை எத்தனால். அது தண்ணீரை இழுத்துக்கொள்ளும். அளவு மீறினால் பிரிந்து டேங்கின் அடியில் தங்கும். டேப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். பயம் சரி, மருந்துதான் தவறு.

பாலிதீனை எடுத்துவிட்டு ஏறினோம். வண்டி நிற்கவில்லை. ஆனால் மெட்டை நெருங்கும்போது இழுவை குறைந்து, புகை கூடி, தடதடவென்று ஓடியது. உச்சியில் பிளக்கைக் கழற்றிக் காட்டினார். காப்பிப்பொடி நிறத்தில் இருக்க வேண்டியது கரேலென்று ஈரமாக இருந்தது. கீழிருந்து மெட்டுக்கு வருவதற்குள் காற்றின் அடர்த்தி ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. கார்ப்ரேட்டருக்கு அது தெரியாது, அதே ஜெட் வழியாக ஏறக்குறைய அதே பெட்ரோலை அனுப்புகிறது. தோட்டத்திலேயே மாதக்கணக்கில் நிற்கும் வண்டி என்றால் கார்ப்ரேட்டருக்குள் இருக்கும் ஊசியின் கிளிப்பை ஒரு காடி மேலே மாட்டுவாராம். ஊசி இறங்கும், பெட்ரோல் குறையும். இந்த வண்டி வாராவாரம் போடிக்கு இறங்குவது. மெட்டுக்குச் சரியாக வைத்தால் கீழே வெயிலில் பெட்ரோல் போதாமல் பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். அதனால் ஊசியைத் தொடாமல், சேறு அடைந்திருந்த ஏர் பில்டரை மட்டும் சுத்தம் செய்தார். எதைச் செய்யாமல் விடுவது என்று தெரிந்திருப்பதுதான் இந்தத் தொழிலின் உயர்ந்த படி என்று நினைக்கிறேன்.

இறங்கும்போது நேரான சரிவுகளில்கூட இடையிடையே த்ராட்டிலைக் கொஞ்சம் முறுக்கிவிட்டார். ரெண்டு ஸ்ட்ரோக் எஞ்சினுக்கு ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் வருகிறது. த்ராட்டிலை மூடியே 17 வளைவும் இறங்கினால் எஞ்சின் சுழலும், ஆயில் மட்டும் போதுமான அளவு வராது. "ஏறும்போது கெடுறதவிட இறங்கும்போது கெடுறதுதான் சார் அதிகம்" என்றார்.

இந்த வண்டிகள் வந்த கதையையும் சொல்ல வேண்டும். பெடலும் மோட்டாரும் சேர்ந்த வண்டியாக 1972-இல் லூனா வந்தது. 1980-இல் ஓசூர் ஆலையிலிருந்து டிவிஎஸ் 50 வந்தது. இருவர் உட்காரக்கூடிய மொபெட். ஒருவர் ஓட்டி ஒரு மூட்டை பின்னால் போகலாம் என்பதுதான் இந்த மலையடிவாரத்துக்கு அதன் பொருள். 2015-இல் நாலு ஸ்ட்ரோக் எக்ஸ்எல் 100. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதி வந்தபோது கார்ப்ரேட்டர் போய் இன்ஜெக்‌ஷன் வந்தது. புகை குறைந்தது நல்லதுதான். அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. மெக்கானிக் அண்ணன் பட்டறைக்கு இப்போது ரெண்டு ஸ்ட்ரோக் என்று வருவதில் பாதி, தோட்டத்து மருந்து மோட்டாரும் புல்வெட்டும் மிஷினும்.

பட்டறைக்குத் திரும்பினோம். கூலி 200 ரூபாய் என்றார். காவல்காரர் தயங்கினார். "ஒரு சாமானும் மாத்தலையேண்ணே."

இந்த ஒரு வாக்கியம் இரண்டு நாளும் என்னை உறுத்தியது. சாமானுக்கு 1,800 ரூபாய் கொடுக்கத் தயங்காத நாம், நோயைக் கண்டுபிடித்ததற்கு 200 கேட்டால் யோசிக்கிறோம். பில்லில் எழுத அதற்கு ஒரு வரி கிடையாது. பாதி நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு மலையேறி வந்ததற்கும் வரி இல்லை. சாமான் மாற்றினால்தான் காசு என்றால் மெக்கானிக் சாமான்தான் மாற்றுவார். அந்த முதல் கடைக்காரர் செய்ததும் அதுதான்.

அண்ணன் 150 வாங்கிக்கொண்டார். நானாக இருந்தால் 300 கேட்டிருப்பேன். அந்த வேலைக்கு அது நியாயமான கூலி.

மழைக்காலத்தில் டேங்க் மூடிக்கு அடியில் பாலிதீன் வைத்திருப்பவர்கள் இன்றைக்கே அதை எடுத்துவிடுங்கள். வண்டியை நிறுத்தும்போது மேலே ஒரு ரெக்சின் உறையைப் போட்டு மூடினால் போதும். அடுத்த முறை மெக்கானிக் உங்களிடம் கேள்வி கேட்டால் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள். அந்தக் கேள்விக்கும் சேர்த்துக் கூலி கொடுங்கள்.