வருமானம் என்ற கட்டம்

2022 ஜூன் 16ஆம் நாள் எஸ்.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்தன. பெருந்தொற்றினால் தள்ளிப்போய், 2021ஆம் ஆண்டுக்கான தேர்வை நாங்கள் மறு ஆண்டு மார்ச்சில்தான் எழுதியிருந்தோம். பத்துப் பாடங்களில் எனக்கு ஒன்பது ஏ. அன்று மாலை செராசில் உள்ள எங்கள் அடுக்குமாடி வீட்டில் அம்மா பாயாசம் காய்ச்சி, அதே மாடியில் இருந்த எட்டு வீடுகளுக்கும் கொடுத்தனுப்பினார். "ஒன்பது ஏ எடுத்திருக்கிற பிள்ள, இனி கவர்மெண்டே படிக்க வச்சிடும்" என்று பக்கத்து வீட்டு ஆண்ட்டி சொன்னார். நானும் நம்பினேன்.

ஒன்பது ஏ என்பது ஒன்பது ஏ அல்ல என்பது மறுவாரம்தான் புரிந்தது. 2009 முதல் எஸ்.பி.எம்.மில் ஏ பிளஸ், ஏ, ஏ மைனஸ் என்று மூன்று தரங்கள் உண்டு. பாயாசம் கொடுக்கும்போது எல்லாம் ஒன்றுதான்; உபகாரச் சம்பளப் படிவத்தில் அப்படியில்லை. என் ஒன்பதில் மூன்று, ஏ மைனஸ். சில இடங்களில் அந்த மூன்றும் கணக்கிலேயே வரவில்லை. ஒரு படிவத்தில் தமிழ் இலக்கியத்தை எழுத இடமே இல்லை. 'மற்றவை' என்ற கட்டத்தில் நுணுக்கி எழுதினேன். 2009இல் எஸ்.பி.எம். பாடங்களைப் பத்தாகக் குறைக்க அரசு முடிவெடுத்தபோது, தமிழும் தமிழ் இலக்கியமும் விடுபட்டுப் போகும் என்று நம் சமுதாயம் குரல் எழுப்பியது. பிறகே பத்துடன் இரண்டு கூடுதல் பாடங்களுக்கு வழி பிறந்தது. அப்படிக் காப்பாற்றிக் கொடுத்த பாடத்தை 'மற்றவை'யில் எழுதும்போது மனம் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

எங்கே விண்ணப்பிப்பது என்று சொல்லித்தர வீட்டில் ஆளில்லை. கைப்பேசியில் சிறுபான்மை மாணவர்களுக்கான உபகாரச் சம்பளம் என்று ஆங்கிலத்தில் தட்டினால், அமெரிக்காவில் ஹிஸ்பானிக் மாணவர்களுக்கான பட்டியல் வரிசை வரிசையாக வந்து விழுந்தது. 1975இலேயே அவர்களுக்கென ஒரு நிதி தொடங்கி நடத்தி வருகிறார்களாம். படித்துவிட்டுப் பெருமூச்சு விட்டேன். அம்மாவோ தமிழ் நாளிதழ்களில் வந்த அறிவிப்புகளை வெட்டி, பிஸ்கட் டின்னில் சேர்த்து வைத்திருந்தார். ஆசையாகத் திறந்து பார்த்தேன். பாதிக்கு மேல் முந்தைய ஆண்டுகளின் இறுதி நாள்கள். ஆனாலும் அந்த டின்தான் எனக்கு முதல் வழிகாட்டி. இறுதி நாள் போயிருந்தாலும் பெயர் இருக்கிறதல்லவா? ஒவ்வொரு பெயரையும் குறித்துக்கொண்டு, இந்த ஆண்டு எப்போது திறக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

அப்போது ஒன்றைக் கவனித்தேன். அம்மா வெட்டி வைத்தவை எல்லாம் 'இந்திய மாணவர்களுக்கு' என்று போட்டவை மட்டும்தான். பேங்க் நெகாராவின் கிஜாங், பெட்ரோனாஸ், கசானா அறவாரியம் போன்ற பெயர்கள் ஒன்றுகூட இல்லை. "அதெல்லாம் நமக்குக் கொடுப்பாங்களா?" என்றார். இப்படிக் கேட்கும் அம்மாக்களை நான் குறை சொல்ல மாட்டேன். 2019இல் மெட்ரிகுலேஷன் இடங்களை 25,000இலிருந்து 40,000ஆக உயர்த்தியபோதும், பூமிபுத்ராக்களுக்குத் தொண்ணூறு, மற்றவர்களுக்குப் பத்து என்ற விகிதம் அப்படியேதான் இருந்தது. பத்து ஏ-யும் அதற்கு மேலும் எடுத்தவர்களுக்கு இன வேறுபாடின்றி மெட்ரிகுலேஷனில் இடம் என்று பிரதமர் அறிவித்ததே 2024 ஜூனில்தான். ஆனால், கொடுக்கமாட்டார்கள் என்று நாமே முடிவு செய்து விண்ணப்பிக்காமல் விடுவது வேறு. அதில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாவற்றுக்கும் விண்ணப்பித்தேன். மொத்தம் பதினொன்று.

மதிப்பெண் கட்டத்தைவிட எங்களை அதிகம் அலைக்கழித்தது வருமானக் கட்டம்தான். அப்பா லோரி ஓட்டுநர். தவுக்கே கையில் பணம் கொடுப்பார். சம்பளச் சீட்டு என்று ஒன்று கிடையாது. சீட்டு இல்லாதவர்கள் சத்தியப் பிரமாண ஆணையர் முன் உறுதிமொழி எழுதிக் கையெழுத்திட்டுத் தர வேண்டும். ஓர் அறநிறுவனத்தின் படிவத்தில், குடும்ப வருமானம் மாதம் 3,000 வெள்ளியைத் தாண்டக்கூடாது என்றிருந்தது. அப்பாவின் அடிப்படைச் சம்பளம் 2,600. ஈப்போவுக்கும் ஜொகூருக்கும் போய்வரும் மாதங்களில் டிரிப்பு காசு சேர்ந்து 3,200 வரை வரும்.

"அடிப்படைச் சம்பளத்த மட்டும் போடலாம்பா" என்றேன்.

அப்பா படிவத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சத்தியம்னு போட்டிருக்குல்லம்மா. அப்புறம் எப்படிக் கொறச்சு எழுதறது?"

3,200 என்றே எழுதினார். இரண்டு வாரத்தில், தகுதி இல்லை என்று பதில் வந்தது. அன்றிரவு நான் அப்பாவிடம் பேசவில்லை. சாப்பாடு போட்டுக் கொடுத்த அம்மாவிடமும் பேசவில்லை. விடியற்காலை நான்கு மணிக்கு அப்பா லோரி எடுக்கக் கிளம்பும் சத்தம் கேட்டது. விழித்துக்கொண்டேதான் படுத்திருந்தேன், எழுந்து வரவில்லை. இன்றுவரை அதை நினைத்தால் சங்கடமாக இருக்கிறது.

அந்த ஆண்டு எனக்கு எதுவும் கிடைக்கவில்லை. நான் ஆறாம் படிவத்தில் சேர்ந்தேன். எஸ்.டி.பி.எம். கடினம் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள், கடினம்தான். ஆனால், செலவு குறைவு, வீட்டிலிருந்தே போகலாம். என் அனுபவத்தில், உபகாரச் சம்பளம் கிடைக்காத பிள்ளைக்கு ஆறாம் படிவத்தைப் போன்ற ஆதரவு வேறில்லை. 2024இல் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. பி.டி.பி.டி.என். கடனில் முன்பணமாகக் கிடைத்த 1,500 வெள்ளி பதிவுக்கு உதவியது. எங்களைப் போன்ற குறைந்த வருமானக் குடும்பத்துப் பிள்ளை முதல் வகுப்பில் தேறினால் அந்தக் கடனைத் திருப்பிக் கட்ட வேண்டியதில்லை என்பதையும் அப்போதுதான் அறிந்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "அப்ப அதுவும் உபகாரச் சம்பளந்தான், கடைசியில குடுக்கறாங்க" என்றார்.

பதிவுக்கு முன்பு அம்மா தாத்தாவின் பழைய பெட்டியைக் கிளறினார். அதில் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தின் பங்குச் சான்றிதழ் ஒன்று கிடைத்தது. தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய சங்கம் அது. தொழிலாளர்கள் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்த பணத்தில்தான் கெடாவில் புக்கிட் சிடிம் தோட்டத்தை முதலில் வாங்கினார்கள். பால்மரம் வெட்டிய என் தாத்தாவும் அதில் பத்துப் பத்தாகக் கட்டியிருக்கிறார். ஜாலான் சுல்தான் சுலைமானில் உள்ள விஸ்மா துன் சம்பந்தனுக்கு நானும் அம்மாவும் போய், உறுப்பினர் குடும்பத்துப் பிள்ளைகளுக்கான கல்வி உதவியைப் பற்றி விசாரித்தோம். பிறகு கைக்கு வந்த தொகை பெரிதல்ல. மடிக்கணினி வாங்கியது போக மீதி கொஞ்சம்தான். தாத்தா நான் பிறப்பதற்கு முன்பே இறந்துவிட்டார். அவர் கையால் நான் வாங்கியது அது ஒன்றுதான்.

பல்கலைக்கழகத்தில் முதல் பருவம் முடிந்ததும் மீண்டும் விண்ணப்பிக்கத் தொடங்கினேன். எஸ்.பி.எம். முடித்தவர்களுக்கு மட்டுமே உபகாரச் சம்பளம் என்று நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பட்டப்படிப்பின் இடையிலும் கொடுக்கிறார்கள். அதற்குப் போட்டியும் சற்றுக் குறைவு. ஒரு நிறுவனம் நேர்காணலுக்கு அழைத்தது. மூவர் அமர்ந்திருந்தார்கள். என் படிவத்தைப் பார்த்த ஒருவர், சம்பளச் சீட்டு இல்லையே, இந்த வருமானத்தை எப்படிக் கணக்கிட்டீர்கள் என்று மலாயில் கேட்டார். டிரிப்பு காசையும் சேர்த்து அப்பா எழுதியது என்று சொன்னேன். முன்பு ஒருமுறை அதனால் ஒன்றை இழந்ததையும் சொல்லிவிட்டேன். சொல்லியிருக்க வேண்டாமோ என்று எம்.ஆர்.டி.யில் தாமான் மிடா வரும்வரை யோசித்துக்கொண்டே வந்தேன்.

ஆறு வாரம் கழித்துக் கடிதம் வந்தது. அப்பா அப்போது ஜொகூரில் இருந்தார். கைப்பேசியில் அழைத்தேன். "கட்டணம் முழுசும் அவங்களே கட்டறாங்கப்பா." லோரியின் இரைச்சல் மட்டும் கொஞ்ச நேரம் கேட்டது. பிறகு, "மாசம் எவ்வளவு வருமானம்னு போட்ட?" என்றார்.

"நீங்க எழுதினதுதான்பா."

தம்பி இப்போது ஐந்தாம் படிவம். பிஸ்கட் டின்னில் இப்போது என் கையெழுத்தில் ஒரு புதிய பட்டியல் இருக்கிறது: பெயர், திறக்கும் மாதம், மூடும் மாதம், ஏ மைனஸைச் சேர்ப்பார்களா இல்லையா. மேல்மாடியிலிருந்து இரண்டு பிள்ளைகள் வந்து அதைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். இந்த முறை உறுதிமொழிப் பத்திரத்தை நேரத்தோடே தயார் செய்ய வேண்டும் என்று அப்பா ஒரு நாள் விடுப்புக் கேட்டிருக்கிறார். தவுக்கே இன்னும் பதில் சொல்லவில்லை.