டைம்டேபிளைப் பார்த்து லோடு போடுங்கள்

நாமக்கல் பக்கம், விடுதியோடு கூடிய ஒரு தனியார் பள்ளி. உள்விளையாட்டு அரங்குக்குக் கூரை ஏறிவிட்டது. பூச்சு வேலை நடக்கிறது. ஈபி இணைப்புக்கு எத்தனை கிலோவாட் கேட்பது என்று சொல்லத்தான் என்னை அழைத்திருந்தார்கள். நிர்வாகத்தின் கையில் ஏற்கெனவே ஒரு எண் இருந்தது: 100. சதுர அடியைப் பெருக்கி யாரோ போட்டுக் கொடுத்தது.

முதலில் அரங்கம். நாலு பேட்மிண்டன் கோர்ட். அதே தரையில் கூடைப்பந்துக்கும் கோடு. மேலே 150 வாட் எல்இடி விளக்குகள் 32 வரப்போகின்றன. மொத்தம் 4.8 கிலோவாட்தான். முன்பு இந்த இடத்தில் 400 வாட் மெட்டல் ஹாலைடு மாட்டுவார்கள். சோக்கையும் சேர்த்தால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. சதுர அடிக் கணக்குகள் பலவும் அந்த விளக்குக் காலத்தவை. இன்றைக்கும் அவற்றை நம்புவது பள்ளியின் பணத்தை வீணடிப்பது.

பெரிய மின்விசிறிகளும் எக்ஸாஸ்ட்டும் 6 கிலோவாட். ஜிம்மில் டிரெட்மில் நாலுக்கு 8, ஏசிக்கு 8.8. போர்வெல் மோட்டார் 7.5, பிரஷர் பம்ப் 2, பவர் பிளக்குகள் 10, ஒலிபெருக்கி 3, நடைபாதை விளக்கு முதலானவை 2.9.

குளியலறைகளில்தான் அதிக நேரம் நின்றேன். 3 கிலோவாட் கீசர் ஆறு, 18 கிலோவாட். இந்தக் கட்டடத்திலேயே பெரிய லோடு இதுதான். பூசாத சுவரில் வயர்மேன் சாக்பீஸால் குறித்திருந்தார். ஆறு புள்ளிக்குப் பக்கத்திலும் ‘ஆர்’, அதாவது மூன்று பேஸில் ஒன்று. கேட்டால், “ஒரே பைப்புல போயிடும் சார்” என்றார். ஒரு கீசர் 13 ஆம்பியர் இழுக்கும். ஆறும் ஒரே பேஸில் போனால் 78 ஆம்பியர். மற்ற இரண்டு பேஸும் சும்மா கிடக்கும். மொத்த லோடு எவ்வளவு சரியாக இருந்தாலும் அந்த ஒரு பேஸ் சூடேறி, விடியற்காலையில் மெயின் ட்ரிப் ஆகும். பேஸுக்கு இரண்டாகப் பிரித்தால் 26. சாக்பீஸை வாங்கி, ஆர், ஒய், பி என்று மாற்றி எழுதிவிட்டுத்தான் நகர்ந்தேன்.

எல்லாம் கூட்டினால் 71 கிலோவாட். ஆனால் எல்லாம் ஒரே நேரத்தில் ஓடுமா? இதற்குப் பதில் வரைபடத்தில் கிடைக்காது. பி.டி. ஆசிரியரிடம் உட்கார்ந்தேன். விடுதிப் பிள்ளைகள் விடியலில் பயிற்சி முடித்துக் குளிப்பார்கள். அப்போது ஜிம் பூட்டியிருக்கும். மாலையில் ஜிம்மும் விசிறிகளும் ஓடும்; கீசர் ஓடாது. காலையில் 35, மாலையில் 40 என்று வந்தது. முடிந்தது என்று நினைத்தபோது அவர் சொன்னார்: “விளையாட்டு விழா அன்னைக்கு எல்இடி திரை, சீரியல் லைட்டு, சமையல்காரர் கிரைண்டர் எல்லாம் இங்கதான் சார் பிளக் போடுவாங்க.” ஜிம்மும் கீசரும் இல்லாத அந்த நாளில்தான் உச்சம்: 48. கொஞ்சம் வளர்ச்சிக்கும் இடம் விட்டு 55 என்று எழுதினேன். 415 வோல்ட்டில், பவர் ஃபேக்டர் 0.85 என்றால், சுமார் 90 ஆம்பியர்.

55-க்கும் 100-க்கும் உள்ள வித்தியாசம் சாதாரணமல்ல. இணைப்பு வாங்கும்போது கட்டும் தொகை கிலோவாட் கணக்கில்தான். அதற்காகக் குறைத்துக் கேட்பதும் ஆபத்து: ஆட்டத்தின் நடுவே இருட்டாகும், கூடுதல் டிமாண்டுக்கு அபராதமும் வரும்.

கேபிளையும் பார்க்க வேண்டியிருந்தது. மெயின் போர்டிலிருந்து அரங்குக்கு 120 மீட்டர். 35 சதுர மி.மீ. அலுமினியம் கேபிள் கரண்டைத் தாங்கும். ஆனால் முழு லோடில் ஏறக்குறைய 18 வோல்ட் வழியிலேயே போய்விடும். போர்வெல் மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் இன்னும் இறங்கும். 70 போட்டால் இழப்பு பாதியாகும். அதையே போடச் சொன்னேன்.

அரங்கம் கட்டும் பள்ளி நிர்வாகிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஈபி விண்ணப்பத்தை நிரப்பும் முன் பி.டி. ஆசிரியரையும் விடுதி வார்டனையும் இன்ஜினியரோடு ஒரு அரை மணி நேரம் உட்கார வையுங்கள். குளியலறை சர்க்யூட்டுகளுக்கு, மின்கசிவில் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இருக்கிறதா என்று டிபி பெட்டியை உங்கள் முன்னால் திறந்து காட்டச் சொல்லுங்கள். ஈரக் காலோடு அங்கே நிற்கப்போவது பிள்ளைகள்.