பெட்டிக்குள் ஓர் அருவி

தென்காசியில் எங்கள் வீட்டு மாடிப்படிக்கு அடியில், அரிசி டிரம்முக்கும் பழைய செருப்புகளுக்கும் நடுவே, ஒரு மடிக்கணினி இராப்பகலாக விழித்துக் கொண்டிருக்கிறது. அதற்குத் திரை கிடையாது. திரையை என் மகள் நான்காம் வகுப்பு படிக்கும்போதே உடைத்துவிட்டாள். உடைந்ததைக் கழற்றிவிட்டு உடம்பை மட்டும் வேலைக்கு வைத்துக் கொண்டேன். ஹார்ட் டிஸ்கில் உள்ள படங்களையும் பாட்டுகளையும் வீட்டில் யார் எந்த அறையிலிருந்து கேட்டாலும் எடுத்துக் கொடுப்பதுதான் அதன் வேலை. கூடத்துத் தொலைக்காட்சிக்கும் கொடுக்கும். சமையலறையில் இருக்கும் செல்போனுக்கும் கொடுக்கும். 'மீடியா சர்வர்' என்று பெயர். நாளொன்றுக்கு அரை யூனிட் மின்சாரம் தின்கிறது. "சம்பளமில்லாமல் சோறு மட்டும் போட்டு ஆள் வைத்திருக்கிறீர்கள்" என்பாள் மனைவி.

பன்னிரண்டாம் வகுப்போடு படிப்பை முடித்துக் கொண்டு கதை எழுதப் போனவனுக்கு இந்த உத்தியோகம் எதற்கு என்று கேட்பீர்கள். ரோஷந்தான் காரணம். மாதச் சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு சேவையில், பாதி பார்த்து நிறுத்திய படம் மறுவாரம் மாயமாகிவிட்டது. உரிமக் காலம் முடிந்துவிட்டதாம். அன்றைக்கே பரணிலிருந்து, காசு கொடுத்து வாங்கிய டி.வி.டி.க்களை எல்லாம் இறக்கினேன். இந்த வேலைக்கென்றே 'ஜெல்லிஃபின்' என்று ஒரு மென்பொருள் இருக்கிறது. 'எம்பி' என்ற மென்பொருள் தன் மூலநிரலை 2018-ஆம் ஆண்டு மூடிக் கொண்டபோது, அதற்குச் சம்மதிக்காத சிலர் பிரிந்து வந்து தொடங்கியது. தனிக்குடித்தனம் போனவர்கள் போல என்று வைத்துக் கொள்ளுங்கள். இன்றும் தன்னார்வலர்கள்தான் நடத்துகிறார்கள், காசு கேட்பதில்லை.

டி.வி.டி.க்களோடு ஒரு வீடியோ கேசட்டும் பரணிலிருந்து இறங்கியது. 1996-ஆம் ஆண்டு, துபாயிலிருந்து வந்த சித்தப்பா புதுக் கேமராவால் குற்றாலத்தில் எடுத்த படம் அதில் இருந்தது. எனக்கு அப்போது பதினைந்து வயது. அப்பா காலமாகி இப்போது எட்டு வருஷம் ஆகிறது.

குற்றாலத்துச் சாரல் எங்கள் ஊர் வரைக்கும் வந்து வீட்டுக்குள் நுழைந்தால் டப்பாவில் இருக்கும் அப்பளமே நமுத்துப் போகும், கேசட் எம்மாத்திரம்? உள்ளே நாடாவின் ஓரமெல்லாம் வெள்ளைப் பூசணம் பூத்திருந்தது. அதைப் பஞ்சால் ஒற்றி ஒற்றித் துடைத்தது ஒரு கதை. ஓட்டிப் பார்க்க வி.சி.ஆர். தேடியது இன்னொரு கதை. கடைசிவரை அதைத் தயாரித்து வந்த ஜப்பானின் ஃபுனாய் கம்பெனியும் 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. முன்பு வீடியோ லைப்ரரி வைத்திருந்த ஒரு பெரியவர், மனைவியின் பட்டுப்புடவைகளுக்கு அடியிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தார். "திருப்பித் தந்துரணும்" என்று மூன்று முறை சொன்னார்.

மூன்று மணி நேரக் கேசட்டைக் கணினிக்குள் ஏற்ற மூன்று மணி நேரம் ஆகும். குறுக்கு வழி கிடையாது. யார் வீட்டுக் கிரகப்பிரவேசமோ ஒரு மணி நேரம் ஓடியது. அப்புறம் திடீரென்று பேரருவி. இடுப்பில் துண்டும் உடம்பெல்லாம் எண்ணெயுமாக அப்பா வந்து நின்றார். நாற்பது விநாடிதான். கேமராவைப் பார்த்து வலக்கையை வீசி ஏதோ சொல்கிறார். அருவியின் இரைச்சலில் ஒரு சொல்கூடக் கேட்கவில்லை. இரைச்சலைக் குறைக்கும் வித்தைகளை எல்லாம் செய்து பார்த்தேன். இரைச்சலோடு அப்பாவின் குரலும் சேர்ந்து போயிற்று.

அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, 'அப்பா' என்று பெயரிட்டு, சினிமாக்கள் இருக்கும் அறையிலேயே போட்டேன். அங்கேதான் தப்புச் செய்தேன். அந்த அறையில் எதைப் போட்டாலும், பெயரை வைத்து இணையத்தில் உள்ள ஒரு சினிமாப் பட்டியலில் தேடி, சுவரொட்டியும் நடிகர் பெயர்களும் கொண்டு வந்து ஒட்டிவிடும். 2016-இல் சமுத்திரக்கனி இயக்கி நடித்த 'அப்பா' என்ற படம் இருக்கிறதல்லவா? சாயங்காலம் அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்துப் பெருமையோடு தொலைக்காட்சியைப் போட்டேன்.

"ஏய்யா, இது உங்கப்பா இல்லியே?" என்றாள் அம்மா.

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

மறு வருஷம் ஆடி மாதத்தில் அந்த டிஸ்க் 'டிக் டிக்' என்று இரண்டு நாள் முனகிவிட்டு உயிரை விட்டது. முந்நூறு படங்கள் போயின, ஒருவரும் அழவில்லை. கேசட்டும் கையில் இல்லை. கணினியில்தான் ஏற்றியாயிற்றே என்று பழைய சாமான்காரரிடம் எடைக்குப் போட்டிருந்தேன். அன்றிரவு அம்மாவின் முகத்தைப் பார்க்கத் தெம்பில்லாமல் மொட்டைமாடியில் போய் உட்கார்ந்தேன்.

அங்கிருந்து பார்த்தால் காசி விசுவநாதர் கோயில் கோபுரம் தெரியும். வெகுகாலம் பிளந்து மொட்டையாக நின்ற கோபுரம் அது. திரும்பக் கட்டி 1990-இல் கும்பாபிஷேகம் நடந்தபோது அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு நானும் கூட்டத்தில் நின்றேன். கோயிலைக் கட்டிய பராக்கிரம பாண்டியன் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே கல்லில் ஒன்று வெட்டிவைத்திருக்கிறான். பிற்காலத்தில் இக்கோயிலுக்கு ஏதேனும் குறை வந்து, அதைச் சரி செய்து காப்பாற்றுகிறவர் யாராயிருந்தாலும், அவரை இப்போதே பணிகிறேன் என்கிறான். ராஜாவுக்குத் தெரிந்திருக்கிறது, கட்டினால் மட்டும் போதாதென்று. எனக்குத்தான் தெரியவில்லை.

காப்பாற்றியவள் தாம்பரத்தில் இருக்கும் என் தங்கை. அந்த நாற்பது விநாடியைத் தன் பென் டிரைவில் அவள் என்றோ எடுத்துப் போயிருந்தாள். எதற்கும் மூன்று பிரதி வேண்டும், ஒன்றாவது வெளியூரில் இருக்க வேண்டும் என்று கணினிக்காரர்கள் சொல்லும் விதி அவளுக்குத் தெரியாது. அப்பாவைப் பார்க்க வேண்டும் போலிருந்தது, எடுத்துப் போனாள்.

புது டிஸ்க் வாங்கி, இந்த முறை 'வீட்டுப் படங்கள்' என்று தனி அறை ஒதுக்கினேன். அதில் விவரங்களை நாமே எழுதலாம். அம்மாவைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதினேன்.

"இந்த இடத்தில் அப்பா என்னம்மா சொல்கிறார்? கூட்டத்தை விட்டுத் தள்ளி நில்லு என்கிறாரா?"

"தள்ளி நிக்கவா? 'என்னை எடுத்தது போதும், அங்கன அவ நிக்கா பாரு, அவளை எடு'ங்காரு. நான் பொம்பளைங்க குளிக்கிற பக்கம் நின்னேன்லா."

"அத்தனை தூரத்தில் உங்களுக்கு எப்படிக் கேட்டது?"

"கேக்கணுமாக்கும்? கையைப் பாத்தாத் தெரியாதா?"

மறுபடி ஓட்டிப் பார்த்தேன். கை வலப்புறம் நீள்கிறது. சித்தப்பாவுக்குக் காது கேட்கவில்லை. கேமரா திரும்பவே இல்லை. அந்த மூன்று மணி நேரக் கேசட்டில் ஓர் இடத்திலும் அம்மா வரவில்லை என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

நடிகர்கள் என்ற இடத்தில் அப்பாவின் பெயரை அடித்தேன். அடுத்த வரியில் அம்மாவின் பெயரை அடித்தேன்.

"நான்தான் அதுல இல்லியே, ஐயா?" என்றாள் அம்மா, மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு.