இலக்கத் தகடு

பழைய மோட்டார்க் கார்களைத் தேடிப் படம் பிடிக்கும் பழக்கம் எமக்குண்டு. வேலையற்ற வேலை என்பர் நண்பர். இருக்கட்டும்.

அபூர்வமான கார் என்றதும் சீமான் வீட்டு றோல்ஸ் றொய்ஸை எண்ண வேண்டா. வெள்ளவத்தையில் காலி வீதியோரமாக நாம் காத்து நிற்பது மொறிஸ் மைனருக்கும் ஒஸ்ரினுக்குமே. 1948இல் வெளிவந்து, பத்து இலட்சத்துக்கு மேல் உற்பத்தியான மைனரை அபூர்வம் என்பது வேடிக்கைதான். 1971இல் அதன் உற்பத்தி நின்றது; இங்கோ அது இன்னும் ஓடுகிறது. அந்நியச் செலாவணி முடையால் 1960களில் இறுகிய இறக்குமதிக் கட்டுப்பாடு 2020இல் தடையாகவே திரும்பியது. அத்தகைய காலங்களிலெல்லாம் உதிரிப்பாகங்களைத் தேடியும் கடைந்தும் பொருத்தி அவற்றை ஓடவைத்தவர்கள், கொட்டாஞ்சேனை ஒழுங்கைகளிலும் பஞ்சிகாவத்தையிலும் எண்ணெய்க் கறை படிந்த கைகளோடு உழைத்த தொழிலாளர். கண்காட்சியில் கிண்ணம் பெறுபவர் என்னவோ சொந்தக்காரர்தாம்.

காரின் மினுக்கத்தை விட நாம் முதலில் நோக்குவது இலக்கத் தகட்டையே. சி.எல்., ஈ.எல்., ஈ.வை. என்று ஆங்கில எழுத்திருந்தால் அது 1957க்கு முந்திய வண்டி. தனிச் சிங்களச் சட்டம் நிறைவேறியது 1956இல். அடுத்த ஜனவரியில் அவ்வெழுத்துகளின் இடத்தில் சிங்கள 'ஸ்ரீ' ஏறியது. ஓர் எழுத்துத்தானே என்று சொல்லலாம். 1958 மார்ச்சில் ஸ்ரீ தாங்கிய பஸ்கள் வடக்கே சென்றபோது தமிழரசுக் கட்சியினர் அதன்மேல் தார் பூசினர். தெற்கிலே தமிழ்ப் பெயர்ப்பலகைகள் தார் பூசப்பட்டன. ஏப்ரலில் பண்டா–செல்வா ஒப்பந்தம் கைவிடப்பட்டது. மே மாதத்தில் கொலையும் கொள்ளையும்.

1983 ஜூலையில் இதே வெள்ளவத்தையில் தமிழர் வீடுகளோடும் கடைகளோடும் அவர்களுடைய வாகனங்களும் எரிந்தன. அவற்றுள் எத்தனை மைனர்களோ! வடக்கில் தப்பியவற்றுக்கு 1990களின் பொருளாதாரத் தடையில் பெற்றோல் கிட்டவில்லை. சில துளி பெற்றோல் விட்டு இயந்திரத்தைக் கிளப்பியபின் மண்ணெண்ணெயில் ஓட்டினர்; பின்னால் சென்றவர் புகையில் கண் கரித்தனர்.

பிற்காலப் புதிய இலக்கங்களில் ஸ்ரீ இல்லை. ஆகையால் பழைய பொருள் சேர்ப்போருக்கு அத்தகடே இன்று பெருமை. கொட்டாஞ்சேனைப் பட்டறையொன்றில் அப்படியொரு காரை நாம் அண்மையில் கண்டோம். படக்கருவியை எடுத்ததும், தமிழரான அந்த முதிய தொழிலாளி அவசரமாக வந்து, கைத்துணியால் அந்த எழுத்தைப் பளபளவெனத் துடைத்தார்.

"இப்ப எடுங்க ஐயா" என்றார்.