வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டிய செய்தி

ஒரே வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள் ஒரே நிலையில் இருப்பதில்லை. இதை ஏற்றுத்தான் செயல்வழிக் கற்றல் வந்தது. 2022இல் தமிழ்நாடு அரசு தொடக்க வகுப்புகளுக்குத் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என நிலை பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. அப்படிக் கண்டறிந்த நிலை வீட்டுக்கும் தெரிய வேண்டும். ஓர் ஆசிரியரின் முதல் இலக்கு இதுதான் என்பது என் உறுதியான எண்ணம்.

கொடைரோடு, நிலக்கோட்டைப் பக்கம் விடியுமுன்னே மல்லிகை பறிக்கப் போகும் அம்மாவால் காலைக் கூட்டத்துக்கு வர முடியாது. வாட்ஸ்அப் குழுவில் போடும் நீண்ட சுற்றறிக்கையும் அவருக்கு உதவாது. "கடன் வாங்கிக் கழிக்கும்போது தடுமாறுறான், ராத்திரி ரெண்டு கணக்குப் போடச் சொல்லுங்கம்மா" என்று அவருக்கு மட்டும் அனுப்பும் அரை நிமிடக் குரல் பதிவு உதவும். எல்லார் வீட்டிலும் ஸ்மார்ட்போன் இல்லையே என்பார்கள். உண்மைதான், அந்த வீடுகளுக்கு ஒரு போன் அழைப்பு, அதுவும் இல்லையென்றால் நோட்டில் இரண்டு வரி. வேலைச்சுமை கூடாதா? கூடும். பிள்ளைகளின் விவரங்களைச் செயலிகளில் பதிவேற்றவே நேரம் போகிறது. அதைக் குறைக்கச் சொல்லிக் கேட்போம். ஆனால் அதிகாரிகளுக்குப் போகும் விவரம் பெற்றோருக்குப் போகாமலிருப்பது நியாயமில்லை. வாரம் ஐந்து பிள்ளைகள் என்று தொடங்கினாலே, ஒரு பருவத்துக்குள் வகுப்பு முழுவதையும் எட்டிவிடலாம்.