எழுத்தச்சன் மண்ணில் முதல் எழுத்து

சென்னையிலிருந்து மங்களூர் செல்லும் ரயில் பாதையில் கோழிக்கோட்டுக்குச் சற்று முன்னால் வருகிறது திரூர். கேரளத்தின் முதல் ரயில் 1861இல் இந்த ஊருக்கும் பேப்பூருக்கும் இடையேதான் ஓடியது. ஆனால் மலையாளிகளுக்குத் திரூர் என்றால் முதலில் நினைவுக்கு வருவது துஞ்சன் பறம்பு. மலையாள மொழியின் தந்தை என்று போற்றப்படும் துஞ்சத்து எழுத்தச்சன் 16ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இடமாகக் கருதப்படும் தோப்பு அது.

விஜயதசமி அன்று விடியும் முன்பே இங்கே கூட்டம் சேர்ந்துவிடுகிறது. இரண்டரை, மூன்று வயதுக் குழந்தைகள். பட்டுப் பாவாடை, சரிகை முண்டு, கலையாத தூக்கம். வித்யாரம்பத்துக்கு வந்தவர்கள். இந்துக்கள் மட்டுமல்ல, முஸ்லிம், கிறிஸ்தவக் குடும்பங்களும் வருகின்றன.

ஒரு மண்டபத்தில் பரம்பரை ஆசான்கள்; இன்னொன்றில் எழுத்தாளர்கள், கவிஞர்கள். துஞ்சன் நினைவு அறக்கட்டளைக்கு 1993 முதல் தலைமை வகித்து, 2024 டிசம்பரில் மறைந்த எம்.டி. வாசுதேவன் நாயரும் பல ஆண்டுகள் இங்கே அமர்ந்து குழந்தைகளின் விரல் பிடித்தவர்.

ஆசான் குழந்தையை மடியில் இருத்துகிறார். தங்க மோதிரத்தால் நாக்கில் 'ஹரிஸ்ரீ' எழுதுகிறார். பிறகு பிஞ்சு விரலைப் பிடித்துத் தட்டில் பரப்பிய அரிசியில் எழுத வைக்கிறார். எல்லாம் ஓரிரு நிமிடம்தான்.

அந்த நிமிடங்களில் பார்க்க வேண்டியது பெற்றோரின் முகங்களை. இடுப்பிலிருந்து இறங்க மறுத்து முந்தானையைப் பற்றிக்கொண்டு குழந்தை வீறிட்டால் தாய்க்குத் தவிப்பு. அழாமல் சமர்த்தாகப் போய் உட்கார்ந்துவிட்டாலோ, பெருமையோடு கொஞ்சம் ஏமாற்றமும். அதற்குள் நாம் வேண்டாமல் போய்விட்டோமா என்று. செல்போனில் படம் பிடிக்கும் தந்தை சிரிக்கிறார்; கண் கலங்கியிருக்கிறது.

எழுத்தச்சன் என்ற பெயரிலேயே இதற்கு விளக்கம் இருக்கிறது. மலையாளத்தில் அச்சன் என்றால் அப்பா. எழுத்து கற்பிக்கும் ஆசானை அந்த மொழி அப்பா என்றே அழைத்தது. பெற்றவர்கள் தங்கள் உரிமையில் ஒரு பங்கை இன்னொருவரிடம் ஒப்படைக்கும் இடம் இது.

தோப்பில் ஒரு காஞ்ஞிர மரம் நிற்கிறது. நம் ஊர் எட்டிதான். கசப்புக்குப் பேர் போனது. எழுத்தச்சன் இதன் அடியில் அமர்ந்து எழுதியதால் இந்த மரத்தின் இலை மட்டும் கசக்காது என்பது ஐதீகம்.

விஜயதசமியில் குழந்தை சில நிமிடங்களில் மீண்டும் இடுப்புக்கு வந்துவிடுகிறது. நிஜமான பிரிவு பின்னால் ஒரு ஜூன் மாதத்தில் காத்திருக்கிறது. கேரளத்தில் பருவமழையும் பள்ளிக்கூடமும் சேர்ந்து தொடங்கும் மாதம். 'பிரவேசனோத்சவம்' என்று தோரணம் கட்டி, பலூனும் இனிப்பும் கொடுத்துப் புதியவர்களை வரவேற்கின்றன அரசுப் பள்ளிகள். புதுக்குடையும் புதுப்பையுமாகக் குழந்தை உள்ளே போகிறது. பெரியவர்கள் வாசலோடு நின்றுவிடுகிறார்கள்.

வகுப்பறைக்குள் எட்டிப் பார்த்துவிட்டு உடனே திரும்புகிறவர்கள் குறைவு. மழை விட்ட பிறகும் நிற்கிறார்கள். இதுவரை குழந்தையின் நாள் முழுவதும் அவர்களுக்குத் தெரிந்திருந்தது. என்ன சாப்பிட்டது, எங்கே விழுந்தது, எதற்கு அழுதது, எல்லாமே. இனி சாயங்காலம் அது வீட்டுக்கு வந்து சொன்னால்தான் உண்டு.