போல்ட்டைக் கழற்றினால் ஓப்பன் கார்... கரிசல் காட்டில் ஹெரால்டு ஓட்ட ஆசையா?

ஹெரால்டு காரின் கூரை வெல்டிங் வைத்து ஒட்டியதல்ல. போல்ட் போட்டு முடுக்கியது. பழைய கார் பிரியர்கள் பலரின் தூக்கத்தைக் கெடுப்பது இந்த ஒரு விஷயம்தான். ஸ்பேனர் எடுத்தால் கூரை தனியே வந்துவிடும். மார்கழிக் காலையில் தலைக்கு மேலே வானம் மட்டும் இருக்க, கோவில்பட்டியிலிருந்து எட்டயபுரம் வரை ஓர் ஓட்டு ஓட்டிவிட்டு வரலாம்! ஆசையில் தப்பில்லை. ஆனால் அந்த போல்ட்டில் கை வைக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டிய கதை ஒன்று இருக்கிறது.

வண்டலூர் பக்கத்துக் கார்

இங்கிலாந்தின் ஸ்டாண்டர்டு டிரையம்ப் நிறுவனம் 1959-ல் ஹெரால்டை அறிமுகம் செய்தது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரரான ஜியோவானி மிச்செலோட்டி. அந்த நிறுவனத்துக்கு பாடி செய்துகொடுத்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை, போட்டியாளரான பி.எம்.சி வாங்கிவிட்டது. முழு பாடியை ஒரே இடத்தில் செய்து வாங்க வழியில்லை. துண்டு துண்டாகச் செய்து, தனி சேஸிஸ் மேல் பூட்டிக்கொள்ளலாம் என்று முடிவெடுத்தார்கள். நெருக்கடியில் பிறந்த அந்த யோசனையால்தான் கூரைக்கு போல்ட் வந்தது. சேஸிஸே எடையைத் தாங்குவதால், கூரை இல்லாத கன்வெர்ட்டிபிள் மாடலையும் 1960-லேயே எளிதாகக் கொண்டுவந்துவிட்டார்கள்.

அடுத்த ஆண்டே, 1961-ல், வண்டலூர் அருகே இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார் புராடக்ட்ஸ் தொழிற்சாலையிலிருந்து இந்திய ஹெரால்டு வந்தது. 948 சிசி இன்ஜின். ஊரெல்லாம் அம்பாசடரும் ஃபியட்டும் ஓடிய காலத்தில் மூன்றாவதாக நின்ற கார் இதுதான். முதலில் வந்ததற்கு இரண்டே கதவுகள். முன் சீட்டை மடக்கி, பாட்டியைக் குனியவைத்துப் பின்னால் ஏற்றுவதற்குள் கல்யாண வீட்டில் முகூர்த்தமே முடிந்துவிடும். நான்கு கதவு மாடல் பிறகுதான் வந்தது. ஹெரால்டின் வாரிசான கெஸலும் 1977-ல் நின்றுபோனது.

மெக்கானிக்குகளுக்கு இன்றும் இந்த காரைப் பிடிக்கும். பானெட் மட்டுமல்ல, மட்கார்டு, ஹெட்லைட்டோடு முன்பக்கம் மொத்தமும் முன்னோக்கிக் கவிழ்ந்துகொள்ளும். முன் டயர் மேல் உட்கார்ந்தபடியே இன்ஜின் வேலை பார்க்கலாம். திரும்புவதற்கு 25 அடி வட்டம் போதும். லாரியும் ஆட்டோவும் எதிரெதிரே மல்லுக்கட்டும் கோவில்பட்டி கடைத்தெருவில் இது சின்ன வசதியல்ல.

மண்ணும் வெயிலும்

பழைய கார்களுக்குப் பெரிய எதிரி துரு. கடற்கரை ஊர்களில் உப்புக்காற்று பட்டே தகடு அரித்துவிடும். கரிசல் பூமி அந்த வகையில் நல்ல பூமி. வருஷத்தின் பெரும்பகுதி காய்ந்து கிடக்கும் காற்றில் இரும்பு கொஞ்சம் கூடுதல் நாள் தாக்குப்பிடிக்கும்.

ஆனால் கரிசலுக்கென்று தனிக் குணம் உண்டு. ஐப்பசியில் மழை விழுந்ததும் களிமண் உப்பும். மிதித்தால் காலோடு வரும். டயரில் அப்பி, மட்கார்டுக்குள் திணிந்து, காய்ந்த பிறகு கல்லாகிவிடும். அந்த ஈரம் சேஸிஸ் ஓரங்களில் தங்கினால், காற்று செய்யாத வேலையை மண் செய்துவிடும். மழை நாளில் மண் பாதையில் இறங்காமலிருப்பது நல்லது; இறங்கினால் அன்றைக்கே கழுவிவிட வேண்டும். கோடையில் நிலம் கையே நுழையும் அளவுக்கு வெடிக்கும். அப்போது பறக்கும் கறுப்புத் தூசி ஏர் ஃபில்டர், பிரேக் டிரம் என எதையும் விடாது.

ஹெரால்டின் பின் சக்கரங்களைத் தாங்குவது குறுக்கே கட்டிய ஒற்றை வில் பட்டை. இந்தப் பக்கத்துப் பெரியவர்களுக்கு அதை விளக்கவே வேண்டாம். வில்வண்டியில் போனவர்கள் அவர்கள். மாடு இல்லை, பெட்ரோல் உண்டு, அவ்வளவுதான்.

கவனம் வேண்டிய இடம் முன் சக்கரம். அதைத் தாங்கும் தண்டின் அடியில் 'ட்ரனியன்' என்றொரு பித்தளைப் பகுதி உண்டு. ஸ்டீயரிங்கைத் திருப்பும்போதெல்லாம் தண்டின் மரை அதற்குள்தான் சுழலும். அதற்கு கிரீஸ் ஆகாது, கியர் ஆயில்தான் விட வேண்டும். எல்லா நிப்பிளுக்கும் கிரீஸ் கன்னைக் காட்டிப் பழகியவர்கள் இங்கேயும் அதையே செய்வார்கள். உள்ளே வறண்டு தேய்ந்து, ஒருநாள் தண்டு முறிந்தால் சக்கரம் பக்கவாட்டில் மடங்கிவிடும். பெயின்ட், குஷன், குரோமியம் எல்லாம் அப்புறம். பழைய ஹெரால்டு வாங்குபவர் முதலில் குனிந்து பார்க்க வேண்டிய இடம் இது.

உதிரி பாகங்களுக்கு இங்கிலாந்தில் இன்னும் கடைகள் உண்டு. ஆனால் எல்லாவற்றுக்கும் கப்பலை எதிர்பார்க்கத் தேவையில்லை. பஞ்சாலையும் தீப்பெட்டி ஆலையும் வளர்ந்த ஊர் கோவில்பட்டி. புஷ், பின் போன்ற சின்னச் சாமான்களை லேத் பட்டறையில் கடைந்துகொள்ளலாம்.

வெயிலுக்கும் இந்த காருக்கும் ஆகாது. சித்திரை மதியத்தில் இன்ஜின் சூடு ஏறினால், பம்ப்புக்குப் போகும் பெட்ரோல் குழாயிலேயே ஆவியாகி வண்டி நின்றுவிடும். பம்ப் மேல் ஈரத்துணி சுற்றுவது அந்தக்கால டிரைவர்களின் வைத்தியம், இன்றும் பலிக்கிறது. புதுத் தலைவலி இ20 பெட்ரோல். அதில் 20 சதவிகிதம் எத்தனால். பழைய ரப்பர் குழாய்களும் பம்ப்பின் டயாஃப்ரமும் அதைத் தாங்கப் பிறந்தவையல்ல. எத்தனாலைத் தாங்கும் ரப்பருக்கு மாற்றாவிட்டால் கசியும். சூடான இன்ஜின் மேல் பெட்ரோல் சொட்டினால் என்ன ஆகும் என்று சொல்லத் தேவையில்லை.

சரி... கூரை?

கழற்ற முடியும். கழற்றக் கூடாது!

வாகனத்தின் அமைப்பைத் தயாரிப்பாளர் தந்த விவரத்திலிருந்து மாறும்படி மாற்றக் கூடாது என்கிறது மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதிசெய்தது. கூரையோடு பதிவான கார், கூரையில்லாமல் சாலைக்கு வந்தால் சிக்கல்தான்.

இழப்பு அதோடு நிற்காது. 2021-ல் மத்திய அரசு வின்டேஜ் வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைத் தாண்டியிருக்க வேண்டும். சேஸிஸ், பாடி, இன்ஜினில் பெரிய மாற்றம் எதுவும் செய்திருக்கக் கூடாது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், மறுபதிவுக்கு 5,000 ரூபாய். வயதுக் கணக்கில் இந்திய ஹெரால்டுகள் தேறிவிடும். கூரையை எடுத்துவிட்டால் அந்த வாசலும் சாத்திவிடும்.

வின்டேஜ் பதிவிலும் ஒரு கொக்கி உண்டு. கண்காட்சி, ஊர்வலம், பராமரிப்பு, பெட்ரோல் போடுவது போன்றவற்றுக்கு மட்டுமே எடுக்கலாம். அன்றாடப் பயணத்துக்கு ஆகாது. அடிக்கடி ஓட்ட நினைப்பவர்கள் சாதாரண ஆர்.சி-யையே புதுப்பித்துக்கொண்டு போகிறார்கள். 20 ஆண்டுகளைக் கடந்த காருக்கு அந்தக் கட்டணத்தை 2025-ல் 10,000 ரூபாயாக உயர்த்திவிட்டார்கள். பழைய காரைக் காப்பாற்றுகிறவரையும், புகை கக்கும் காரை விடாமல் ஓட்டுகிறவரையும் ஒரே தராசில் நிறுத்துவது நியாயமா என்ற கேள்வி எழத்தான் செய்கிறது.

நிஜமாகவே திறந்த வண்டிதான் வேண்டும் என்பவர்களுக்கு, கம்பெனியிலிருந்தே கூரையில்லாமல் வந்த பழைய ஜீப் இருக்கிறது. தார்ப்பாயைச் சுருட்டினால் முடிந்தது. கரிசல் மண்ணில் அது ஹெரால்டைவிடப் பல மடங்கு தைரியசாலியும்கூட.

ஜன்னலை இறக்கினால் போதும்

கூரையோடு இருக்கும் ஹெரால்டுக்கும் இங்கே நல்ல பாதைகள் உண்டு. தெற்கே நெடுஞ்சாலையில் இறங்கினால் இடைசெவல். கி.ராஜநாராயணன், கு.அழகிரிசாமி என சாகித்ய அகாடமி விருது பெற்ற இருவரைத் தந்த சின்ன ஊர். இன்னும் தெற்கே, கட்டபொம்மனை 1799-ல் தூக்கிலிட்ட கயத்தாறு. அங்கே ஆடிக் காற்றுக்குக் காற்றாலைகள் சுற்றும். சிறிய காரைக் காற்று பக்கவாட்டில் தள்ளும். ஸ்டீயரிங்கை இறுக்கிப் பிடிக்க வேண்டிய மாதம் அது. மேற்கே சுமார் 20 கிலோமீட்டரில் கழுகுமலை. ஒரே பாறையை மேலிருந்து கீழாகக் குடைந்து, முடிக்காமலே விட்டுவிட்ட வெட்டுவான் கோயிலைப் பார்க்க ஏறுகிறவர்கள் வெயிலுக்கு முன் ஏறிவிட வேண்டும்.

ஆனாலும் ஹெரால்டுக்கு ஏற்றது கிழக்கேதான். எட்டயபுரம் சுமார் 15 கிலோமீட்டர். மார்கழியில் சாலையின் இருபுறமும் மக்காச்சோளமும் உளுந்தும் பாசியும் பச்சையாக நிற்கும். அறுவடை தொடங்கிவிட்டால் தார்ச்சாலையே களமாகிவிடும். பாதிச் சாலையில் தானியம் காயும். ஓரத்தில் கல் வைத்து எல்லை கட்டியிருப்பார்கள். அங்கே இரண்டாவது கியர்தான். களத்துக்காரர்கள் நிமிர்ந்து பார்ப்பார்கள், 'என்ன கார் இது?' என்று கேட்பார்கள். பதில் சொல்ல நேரம் வைத்துக்கொண்டு கிளம்புவது நல்லது.

எட்டயபுரத்தில் பாரதி மணிமண்டபம், முத்துசுவாமி தீட்சிதர் சமாதி, உமறுப்புலவர் நினைவிடம் மூன்றையும் காலை வெயில் ஏறுவதற்குள் பார்த்துவிடலாம். நிறுத்தியதும் பானெட்டைக் கவிழ்த்துத் திறந்துவைத்து, பம்ப் மேல் ஈரத்துணியைப் போட்டுவிட்டு நடந்தால், திரும்பி வரும்போது இன்ஜின் ஆறியிருக்கும். டிக்கியில் ஒரு கேன் தண்ணீரும், கடலைமிட்டாய் பாக்கெட் ஒன்றும் இருக்கட்டும்.